சும்மா ஓடுற மோட்டார்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் முகத்தைப் பார்த்தே பாலில் எவ்வளவு தண்ணீர் என்று இவள் சொல்லிவிடுவாள் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் கேலி பேசுவார். பேசட்டும். என் சந்தேகத்தால் இந்தக் குடும்பம் எத்தனை தடவை தப்பியிருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தாலும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்.

செட்டிகுளத்திலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டோரம் எங்கள் காடு. சின்ன வெங்காயம், மக்காச்சோளம், மழை மனசு வைத்தால் பருத்தி. வீடும் காட்டுக்குள்ளேயேதான். வீட்டுக்குப் பின்னால் கிணறு. கிணற்றை ஒட்டி மோட்டார் ரூம். மோட்டார் ரூமின் முதுகோடு முதுகாக, ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டகை; பக்கவாட்டில் இருக்கிற அதன் வாசல் எங்கள் பின்பக்க ஜன்னலிலிருந்து தெரியும்.

கிணற்று மோட்டாருக்கு இலவசக் கரண்டு. அதற்காக என் மாமனார் கரண்டு ஆபீஸுக்கு நடந்து நடந்தே செருப்புத் தேய்ந்தவர். ஒருவழியாகக் கனெக்‌ஷன் வந்த அன்றைக்குக் கிணற்றடியில் நின்றுகொண்டு, "இனிமே நம்ம மோட்டாரு சும்மா ஓடும்டா!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே 'சும்மா ஓடுற மோட்டார்' என்றாகிவிட்டது. அந்தக் கரண்டில் தண்ணீர் இறைக்கலாம், அவ்வளவுதான். வேறு எதற்காவது ஒரு வயரை இழுத்தது தெரிந்தால் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கினால் வெங்காயம் அத்தனையும் நின்ற இடத்தில் காய்ந்துபோகும். அதற்கப்புறம் நாங்கள் எதை நம்பி இந்தக் காட்டில் உட்கார்ந்திருப்பது? எனக்குப் பிள்ளைகள் வெளியூரில் இருப்பதைவிடப் பெரிய கவலை அந்த மோட்டார்தான்.

கொட்டகை வாடகைக்கு வேண்டும் என்று ஒருவர் வந்தார். "பட்டறை போடலாம்னு இருக்கேன்க்கா" என்றார். எங்கள் பக்கம் பட்டறை என்றால், வெங்காயத்தைக் காற்றாடக் கொட்டி வைக்கிற பட்டறைதான்.

"எவ்வளவு வெங்காயம்ப்பா வச்சிருக்க?" என்றேன்.

"வெங்காயம் இல்லக்கா, இரும்பு. லேத்து பட்டறை" என்று சிரித்தார்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வேலை பார்க்கிற ஒரு லேத்தில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு பழைய லேத்து வாங்கியிருந்தார். யார் என்று விசாரித்தால், எங்கள் மாமனார் காட்டில் களை வெட்டியவரின் மகன். அவர் அப்பா வாசலோடு நின்று பேசுவார். இவர் 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டே நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, பொய் சொல்வானேன். ஆனால் ஆள் சுத்தமாக இருந்தார், பேச்சும் மரியாதையாக இருந்தது. கொட்டகையைக் கொடுத்துவிட்டோம்.

அந்த வருஷம் எனக்கு உடம்பெல்லாம் எரிச்சல். உட்கார்ந்தால் வியர்வை, எழுந்தால் படபடப்பு. இந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஒருநாள் என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலேயே ஒரு ஏசியை வாங்கிக்கொண்டு வந்து பின்பக்க அறையில் மாட்டிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்!

"பில்லு யாருங்க கட்டுறது? ஒங்க மாமனா?"

"அதெல்லாம் நான் பாத்துக்குறேன். நீ சும்மா படுத்துத் தூங்கு."

அவர் அப்படிப் பொறுப்பாகப் பேசியதே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் அறைக்குள் போய்ப் படுத்ததும் உடம்பு அடங்கிவிட்டது. சந்தேகமும் சேர்ந்து அடங்கிவிட்டது.

இதற்குக் கொஞ்சம் முந்தி இன்னொன்று நடந்தது. நான் திருமழபாடி கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மோட்டார் ரூமிலிருந்து வீட்டுப் பின்சுவர் வரை பள்ளம் தோண்டி, பைப்பைப் புதைத்து மூடியிருந்தது. கேட்டதற்கு, "நீ பாத்திரம் கழுவக் கிணத்தடிக்கு நடக்குறியேன்னு ஒரு டேப்பு வைக்கலாம்னு" என்றார். டேப்பு வரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் பிளம்பர் ஏமாற்றுகிறான் என்பார். நானும் அந்தப் பிளம்பரைத்தான் சந்தேகப்பட்டேன். ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

லேத்து ஓட ஆரம்பித்தது. சோளம் அடிக்கிற மிஷினின் ஷாஃப்ட், டிராக்டர் கலப்பையின் பின்னு, அது இது என்று வேலையும் வந்தது. மத்தியானம் நான் படுத்தால் போதும், கொட்டகையிலிருந்து 'ங்ஙொய்' என்று ஒரே சத்தம். லேத்துச் சத்தமாவது நின்று நின்று வரும். இது நிற்பதே இல்லை. ஒருநாள் போய், "ஏப்பா, இது என்னப்பா சத்தம், மனுஷிக்குத் தூக்கமே இல்ல" என்று கத்திவிட்டு வந்தேன். மறுநாள் சத்தம் குறைந்துவிட்டது. நானும் அதை மறந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு மத்தியானம். எங்கள் பக்கம் மோட்டார், மிஷின் ஓட வேண்டிய த்ரீ பேஸ் கரண்டு முறை வைத்துத்தான் வரும். மற்ற நேரத்தில் வீட்டு லைட்டு, ஃபேன் எல்லாம் எரியும், ஓடும், ஆனால் கிணற்று மோட்டார் ஓடாது. அன்றைக்கு த்ரீ பேஸ் போய்விட்டது. மோட்டார் நின்றுவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் பாதியில் நிற்கிறது. கொட்டகையில் மட்டும் லேத்து ஜம்மென்று ஓடுகிறது!

எங்கள் மோட்டாரே ஓடவில்லை, இவர் மிஷின் மட்டும் எப்படி ஓடுகிறது? கொட்டகைக்கு இருப்பது வெறும் சிங்கிள் பேஸ் மீட்டர். த்ரீ பேஸுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன், இன்னும் போஸ்ட் நடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த லேத்து த்ரீ பேஸ் லேத்து என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

எட்டிப் பார்த்தேன். மோட்டார் ரூம் சுவரை ஒட்டி ஒரு மரப்பெட்டி, அதன் மேல் சாக்கு. பெட்டிக்குள் என்னவோ ஓடுகிறது. கை வைத்தால் அதிர்கிறது.

"இது என்னப்பா?"

"மோட்டாருக்கா."

"எதுக்கு ஓடுது?"

"அது சும்மா ஓடுதுக்கா" என்றார், லேத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சும்மா ஓடுகிறதா? எங்கள் சுவரை ஒட்டி, மூடி போட்டு, சாக்கையும் போர்த்தி, சும்மா ஓடுகிறதா? சிரித்த முகமாகவே சொல்கிறாரே, என்ன நெஞ்சழுத்தம்!

ஒட்டுக்கேட்பது எனக்குப் பழக்கமில்லை, ஆனால் காதில் விழுவதை என்ன செய்வது? மறுநாள் கிணற்றடியில் துணி அலசும்போது கொட்டகையில் அவர் ஃபோனில் பேசுவது கேட்டது. "மீட்டருல ரெண்டு வயருதான் மாப்ள. மூணாவது, சும்மா ஓடுற மோட்டாருலேருந்து எடுக்குறேன். இங்க ஒருத்தருக்கும் தெரியாது இது." அப்புறம் ஒரு சிரிப்பு.

சும்மா ஓடுற மோட்டார்! எங்கள் மாமனார் வைத்த பெயரையே சொல்கிறாரே! துணியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏங்க, கொட்டாய்ல இருக்குறவன் நம்ம கெணத்து மோட்டாருலேருந்து கரண்டு எடுக்குறான்."

அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "சேச்சே, அவன் நல்லவன்டி" என்றார்.

இந்த மனுஷன் யாரையும் நல்லவன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கூடப்பிறந்த அண்ணனையே சொன்னதில்லை.

"லைன்மேன வரச்சொல்லிப் பாத்துடலாம்."

"லைன்மேனா? எதுக்குடி? அவரு வந்தா ஒண்ணு கெடக்க ஒண்ணப் பாப்பாரு. பெரிசு பண்ணாத. விட்டுரு."

அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. ரெண்டு பேரும் கூட்டு. தெரிந்தேதான் எடுக்கவிட்டிருக்கிறார். அவர் முதுகைப் பார்த்தபடி படுத்திருந்தேன். ஏசி என்னவோ குளுகுளுவென்றுதான் ஓடியது, எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் வெங்காயம் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் போய்விட்டார். நான் கடைக்குப் போன இடத்தில் லைன்மேனைப் பார்த்தேன். விடுவேனா? "எங்க மோட்டாரு ரூமுல என்னமோ கோல்மால் நடக்குது. நீங்க வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போங்க சார்" என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் அந்தப் பக்கம் வருகிறேன் என்றார். வீடு திரும்பும்போது, குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாளைவரை பொறுக்க முடிந்ததா என்றால், இல்லை. மத்தியானம் ஏசி அறையில் படுத்திருந்தவள் எழுந்துவிட்டேன். லைன்மேன் வருவதற்குள் லேத்துக்காரர் வயரைக் கழற்றிவிட்டால்? நானே கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். ஃப்யூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இப்போது லேத்து நின்றுதானே ஆகவேண்டும்?

லேத்து ஓடிக்கொண்டே இருந்தது. சுவரில் காதை வைத்தேன். பெட்டிக்குள் இருந்த மோட்டாரும் ஓடியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டைகளைத் திரும்பச் செருகினேன்.

'பீப்.'

வீட்டுப் பக்கமிருந்து வந்தது. கரண்டு போய்த் திரும்ப வந்தால் எங்கள் ஏசி அப்படித்தான் கத்தும். திரும்பப் பிடுங்கினேன், செருகினேன். திரும்பவும் 'பீப்'. ஓடிப்போய்ப் பார்த்தேன். கூடத்தில் ஃபேன் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. டி.வி.யின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏசி மட்டும்தான் நின்று நின்று வந்திருக்கிறது.

அந்தப் பைப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமின் வீட்டுப் பக்கச் சுவரோரம் போய் மண்ணை விலக்கினேன். பைப்பின் வாயிலிருந்து கறுப்பு வயர் எட்டிப் பார்த்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வராத பைப்பு! என் கண்ணெதிரிலேயே இத்தனை நாள் கிடந்திருக்கிறது! பாவி மனுஷா! ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேனே, பிளம்பரைக்கூட விடவில்லையே, உன்னை விட்டுவிட்டேனே! நாளைக் காலையில் லைன்மேன் வருகிறார். நானே வாய் வலிக்கக் கூப்பிட்டு வைத்திருக்கிறேன். என் கையாலேயே எங்கள் மோட்டாரைப் பிடுங்கிக் கொடுக்கப்போகிறேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா, ஃப்யூஸ் போயிடுச்சா?"

லேத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். மண்வெட்டியைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், வயரைப் பார்த்தார்.

எனக்கு வெட்கத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. "அப்ப ஒன் பெட்டிக்குள்ள ஓடுறது என்னப்பா? அதுக்கு எங்கேருந்து கரண்டு? அத ஏன் மூடி வச்சிருக்க?"

"வந்து பாருங்கக்கா" என்று கூட்டிக்கொண்டு போனார்.

லேத்தை நிறுத்தி, பெட்டியைத் தூக்கினார். உள்ளே ஒரு பழைய மோட்டார். சுவிட்சை அணைத்ததும் அது மெல்லச் சுற்றி நின்றது. மேலும் கீழும் தேடினேன். எங்கள் சுவரிலிருந்து ஒரு நூல்கூட அதற்குள் போகவில்லை. வயர் அவர் மீட்டரிலிருந்துதான் வந்தது. ஒரு கயிற்றை அதன் புல்லியில் சுற்றி, பம்பரம் விடுவதுபோல ஓர் இழுப்பு இழுத்து, சுவிட்சைப் போட்டார். 'ங்ஙொய்' என்று ஓட ஆரம்பித்தது.

"லேத்து மோட்டாருக்கு மூணு வயருல கரண்டு வேணும்க்கா. எனக்கு மீட்டருலேருந்து வர்றது ரெண்டு. அந்த ரெண்ட வச்சு இந்த மோட்டாரு தானாக் கெளம்பாது, மொனகிட்டே நிக்கும். இப்புடி இழுத்து விட்டா ஓடிரும். ஓட ஆரம்பிச்சிட்டா, மூணாவது வயருக்கு இதுவே கரண்டு குடுக்கும். நான் இதுக்குத் தோதா கனெக்‌ஷன மாத்திக் கட்டி, கண்டன்சரும் போட்டிருக்கேன். இதுல பெல்ட்டு கெடையாது, ஒரு வேலையும் கெடையாது. சும்மா ஓடும்."

"சும்மான்னா?"

"ஓடுறதுதான்க்கா சும்மா. கரண்டு சும்மா இல்ல. பாருங்க, மீட்டரு எப்புடி எகிறுதுன்னு."

மீட்டரைப் பார்த்தேன். எகிறிக்கொண்டுதான் இருந்தது.

"பொட்டி எதுக்கு?"

"நீங்கதானேக்கா தூக்கம் கெடுதுன்னு சத்தம் போட்டீங்க?"

முதல்முறையாக அவரைத் தம்பி என்று கூப்பிட்டேன். "தம்பி, நாளைக்கு லைன்மேன் வராரு. அந்த வயரக் கொஞ்சம் கழட்டிக் குடுத்துடு தம்பி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அவர் அசையவில்லை. என்னை நேராகப் பார்த்தார். "லைன்மேன நீங்கதான் வரச்சொன்னீங்களாக்கா?"

நான் கீழே கிடந்த சாக்கை எடுத்து மடித்தேன்.

"மன்னிச்சுக்கங்கக்கா. அந்த வயர நான் தொடமாட்டேன். என் கைய வச்சிட்டேன்னா, நாளைக்கு நான்தான் இழுத்தேன்னு ஆயிடும். அண்ணன் போட்டத அண்ணனே எடுக்கட்டும்."

சுரீரென்று கோபம் வந்தது. என்னையா சந்தேகப்படுகிறார்? நானா அப்படிச் சொல்வேன்? வீட்டு வாசல் வருவதற்குள் கோபம் வடிந்துவிட்டது. சொல்லியிருப்பேன். லைன்மேன் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தால், என் விரல் கொட்டகைப் பக்கம்தான் நீண்டிருக்கும்.

பொழுது சாய்கிற நேரம் வீட்டுக்காரர் வந்தார். மண்ணில் கிடந்த வயரைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஒனக்காகத்தான்டி. ராத்திரியெல்லாம் எரியுது எரியுதுன்னு எந்திரிச்சி எந்திரிச்சி உக்காருவ. ஏசி மாட்டிக் குடுத்தாலும் பில்லு பில்லுன்னு போட மாட்ட. நான் என்ன பண்ணுறது?"

கோபம் ஒரு பக்கம். இந்த இடுப்பு வலிக்காரர் எனக்காக அந்த வெயிலில் தனியாளாகப் பள்ளம் தோண்டியிருக்கிறாரே என்பது இன்னொரு பக்கம். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "மொதல்ல அதப் புடுங்குங்க" என்றேன். அவர் வயரை உருவ, நான் சுருட்டினேன். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. லேத்துக்காரர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் லைன்மேன் வந்தார். மோட்டார் ரூமில் எல்லாம் சரியாக இருந்தது. கொட்டகைக்குப் போனார். லேத்துக்காரர் கயிற்றை இழுத்துக் காட்டினார், மீட்டரைக் காட்டினார். லைன்மேன் தலையாட்டிவிட்டு, "யாரோ சொன்னாங்கன்னு வந்தேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். யாரோ என்றவர் கண் என் பக்கம்தான் வந்தது. நான் முந்தானையைச் சரிசெய்தேன். கிளம்பப்போனவர், வீட்டுப் பின்சுவர் வரை புதுசாகக் கிளறிக் கிடந்த மண்ணைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது என்னங்க பள்ளம்?"

என் வீட்டுக்காரர் மறுபடியும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். லேத்துக்காரர் கொட்டகை வாசலில் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதற்கு எல்லா நியாயமும் அவரிடம் இருந்தது.

"பைப்பு போட்டாங்க சார், தண்ணி வரல. அதான் தோண்டி எடுத்துட்டாங்க" என்றார்.

லைன்மேன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் புத்தி சும்மா இருக்குமா? இவர் எதற்காக நம்மைக் காப்பாற்றினார்? நாளைக்கு எதைக் கேட்டு வருவார்? அன்றைக்கு முழுக்க அதையே அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் எதையும் கேட்டு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஏசி இப்போது வீட்டு மீட்டரில்தான் இருக்கிறது, ஆனால் நான் போடுவதில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கிறேன். லைன்மேன் வந்துபோன மறுநாள் மத்தியானம் அப்படிப் படுத்ததும், 'ங்ஙொய்' என்று பழையபடி சத்தம் காதில் வந்து அறைந்தது. எழுந்து போனேன். மரப்பெட்டியும் இல்லை, சாக்கும் இல்லை. மோட்டாரைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி, எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வாசல் பக்கம் வைத்திருந்தார்.

பெட்டி எங்கே என்று கேட்கத்தான் போனேன். மீட்டரிலிருந்து அதற்குப் போகிற வயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் லேத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சும்மாதான் ஓடுதுக்கா" என்றார்.

"ஓடட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.